இரண்டு பூகம்பம் தாங்கிய வீடு

வீடு வாங்குகிறவர்களில் பல ரகம் உண்டு. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் ஒரு ரகம். மாமியார் வீடு போதுமான தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகத்தோடும் எனக்கு எந்த வழக்கும் கிடையாது. விவரம் தெரிந்த ஜனங்கள். இன்று உங்களுக்கு நான் அறிமுகம் செய்யப்போவது மூன்றாவது ரகம். கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, சுவர் நிற்குமா என்பது போன்ற அற்ப விஷயங்களை எல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு, கதவின் கைப்பிடியைப் பார்த்துக் காதல்வயப்பட்டு வீடு வாங்குகிற ரகம். இவருக்குப் பழைய வீட்டுப் பித்தர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

பித்தர் எல்லா ஊரிலும் இருப்பார். ஆனால் அவர் செழித்து வளர்கிற மண் எங்கள் புக்கரெஸ்ட்தான். அதிலும் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெரு. நேற்று வரைக்கும் இந்தத் தெருவில் ஒரு செருப்புத் தைக்கிற கடை, ஒரு அடகுக் கடை, சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு வேலையற்ற ஆட்கள், அவ்வளவுதான். டாக்ஸிக்காரனைக் கூப்பிட்டால் தெருமுனையிலேயே இறக்கிவிட்டு ஓடிவிடுவான். பிறகு ஒரு காபிக் கடை வந்தது. அதில் ஒரு நாற்காலி மாதிரி இன்னொரு நாற்காலி இருக்காது. அடுத்து இரண்டாவது காபிக் கடை. அதில் சுவரில் சைக்கிளை மாட்டி வைத்திருந்தார்கள். மூன்றாவது காபிக் கடைக்குப் பலகை மாட்டும்போதே பித்தருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. வந்து சேர்ந்தார்.

அவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ரொம்ப சுலபம். நீங்களும் நானும் ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தால் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று பார்ப்போம். அவர் லிஃப்ட்டின் மரப்பலகையைத் தடவுவார். அது ஓடி எத்தனையோ வருஷமாகிறது என்று யாராவது சொன்னால், "ஓடணும்னு என்ன அவசியம்? கண்ணாடியைப் பாருங்க, ஓரத்துல எப்படிச் செதுக்கியிருக்கான்!" என்பார். படிக்கட்டில் விரிசல் தெரிந்தால், கல்லின் நிறத்தைப் பாராட்டுவார். தரைக்கட்டை கிரீச்சிட்டால் கண்ணை மூடி, சங்கீதக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி தலையை ஆட்டுவார். சுவரை விரல் கணுவால் தட்டுவார், காதை வைப்பார், "ஆஹா" என்பார். அந்தச் சுவருக்கு உள்ளே என்ன கேட்டது என்று அவருக்கும் தெரியாது, சுவருக்கும் தெரியாது.

எங்கள் கட்டடத்துக்கு வந்த பித்தரின் பெயர் ஹொரியா. விளம்பரக் கம்பெனியில் எழுத்து வடிவம் வரைகிறவர். மூன்றாவது மாடியில் காலியான ஒற்றை அறை ஃபிளாட்டைப் பார்க்க மனைவி ஸ்மராண்டாவோடு வந்தார். தரகர் வாசலிலேயே நின்றுகொண்டு, சுவரில் ஓர் இடத்தில் முதுகைச் சாய்த்து, அந்த இடத்தை விட்டு நகராமல் பேசினார். எங்கள் வட்டாரத்துத் தரகர்கள் எல்லோரும் அகலமான முதுகு உள்ளவர்கள். காரணம் உண்டு. அவர் முதுகுக்குப் பின்னால்தான் சிவப்புப் பொட்டு இருக்கிறது.

சிவப்புப் பொட்டு என்றால், அடுத்த பெரிய பூகம்பத்தில் முதலில் விழப்போகிற கட்டடம் இது என்று கண்டுபிடித்து மாநகராட்சிக்காரர்கள் வாசலில் அடித்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தட்டு அளவுத் தகடு. எங்கள் வீட்டுக்கு நெற்றியில் அது இருக்கிறது. பொட்டு வைத்த வீட்டுக்கு எந்த வங்கியும் கடன் தராது. இந்த வீட்டை வாங்க வேண்டுமானால் இருப்பதை விற்றுத்தான் வாங்க வேண்டும்.

ஸ்மராண்டா கூர்மையான பெண். மருந்துக் கடையில் வேலை. சின்ன எழுத்தைப் படித்துப் பழக்கம். "சார், கொஞ்சம் நகருறீங்களா? பின்னால ஏதோ சிவப்பாத் தெரியுது" என்றாள்.

"அதுவா மேடம்? பழைய கட்டடம்னா மாநகராட்சி ஒரு மரியாதைக்கு வைக்கிறது" என்றார் தரகர், நகராமல்.

ஆனால் தரகர் இவ்வளவு பாடுபட்டிருக்கவே வேண்டாம். ஹொரியா அவர் முதுகுக்குப் பின்னால் எட்டி அந்தத் தகட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பித்தர்கள் எல்லோரும் மந்திரம் மாதிரி ஓதுகிற ஒரு வாக்கியம் உண்டு. அதை அவரும் ஓதினார். "ஸ்மரா, இந்த வீடு ரெண்டு பூகம்பம் தாங்கியிருக்கு. தொள்ளாயிரத்து நாப்பதுல ஒண்ணு, எழுபத்தேழுல ஒண்ணு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

நான் அப்போது படியில் நின்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு தடவை மாரடைப்பு வந்து பிழைத்தவரைப் பார்த்து, "இவரைப் போலத் திடகாத்திரமான ஆள் ஊரிலேயே கிடையாது, மூட்டை தூக்கச் சொல்லுங்கள்" என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள். ஆனால் வீட்டைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் ஊரே சொல்லும்.

வாங்கிவிட்டார்கள். விற்றது ஸ்மராண்டாவின் ஃபிளாட்டை. ஊர்க்கோடியில் கான்கிரீட் பெட்டி மாதிரி இருக்கும் அடுக்குமாடி. பார்க்க அவலட்சணம், ஆனால் யானை வந்து முட்டினாலும் அசையாது. அதை விற்ற பணத்தில் வாங்கியதால் பத்திரம் அவள் பேரிலேயே பதிவானது. குடிவந்த அன்றைக்கு அவள் வாசலில் நின்று பொட்டை ஒரு முறை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

பித்தரின் அன்றாட வழிபாடு எப்படி நடக்கும் என்று கேளுங்கள். நான்கு எட்டு வைத்தால் எதிர்ச் சுவரில் மூக்கு இடிக்கிற அந்த வீட்டை விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்ட அவருக்கு ஒரு முழு மாலைப்பொழுது பிடிக்கும். கைப்பிடி ஒரிஜினல். ஸ்விட்ச் ஒரிஜினல், தொட்டால் ஷாக் அடிக்கும், அதுவும் ஒரிஜினல். சமையலறைத் தொட்டி ஒரிஜினல், ஆகையால் அதில் பாத்திரம் கழுவக் கூடாது. ஸ்மராண்டா குளியல் தொட்டியில் குனிந்து கழுவுவாள். குழாய் ஒரிஜினல். "தண்ணி வருமா?" என்று ஒரு விருந்தாளி கேட்டுவிட்டார். ஹொரியா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கிற பார்வை.

அந்த ஊர்வலத்தில் அவர் காட்டாத பொருள் ஒன்று உண்டு. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை. அதில் டார்ச், தண்ணீர், பிஸ்கட், பாஸ்போர்ட். பைக்கு மேல் ஒரு ஜோடி ஷூ, நாடா அவிழ்த்து, காலை நுழைத்தால் போதும் என்கிற நிலையில்.

"ஊருக்குப் போறீங்களா?" என்று அதே விருந்தாளி ஸ்மராண்டாவைக் கேட்டார்.

"இல்லீங்க. தூங்கப் போறேன்" என்றாள் அவள்.

இலையுதிர் காலத்தில் எங்கள் படிக்கட்டில் மாடிக்கு ஒரு பீப்பாய் நிற்கும். முட்டைக்கோஸ் உப்பு நீரில் ஊறும். குளிர்காலம் முழுவதும் அந்த இலையில் இறைச்சி சுற்றிச் சாப்பிட வேண்டுமே. முதல் வாரம் ஹொரியா பீப்பாய்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார். "என்ன ஒரு உயிரோட்டம், சேவெர் அண்ணே! கான்கிரீட் அடுக்குமாடியில இதெல்லாம் கிடைக்குமா?" என்று என்னிடம் உருகினார். மூன்றாவது வாரம் வாசனை வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு என் கதவைத் தட்டினார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க பீப்பாய் இந்தப் படிக்கட்டோட அழகுக்கு ஒத்து வரலை."

"தம்பி, இந்தப் படிக்கட்டு கட்டின நாள்லேர்ந்து முட்டைக்கோஸ் இங்கதான் ஊறுது. அதுவும் ஒரிஜினல்தான்" என்றேன்.

பாவம், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எங்களையும் சும்மா விடக் கூடாது. நாங்கள் பழைய குடித்தனக்காரர்கள் மட்டும் என்ன ஒழுங்கு? பொட்டு வைத்து வருஷக்கணக்காகியும் கட்டடத்தைப் பலப்படுத்த நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. செலவு மாநகராட்சியுடையது, வேலை முடியும் வரை தங்க மாற்று வீடும் அவர்களே தருவார்கள் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவி அக்லாயா, ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், அந்த மாற்று வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஜன்னலும் கதவும் நேருக்கு நேரா வெச்சிருக்கான். குறுக்குக் காத்து அடிச்சு சாகணுமா நாம?" என்று கேட்டார். அத்தனை பேரும் பதறிப்போனோம். ஏனென்றால் எங்கள் ஊரில் பூகம்பத்துக்குப் பயப்படாதவன் உண்டு, குறுக்குக் காற்றுக்குப் பயப்படாதவன் கிடையாது. காது வலியா? குறுக்குக் காற்று. இடுப்புப் பிடிப்பா? குறுக்குக் காற்று. கொதிக்கிற கோடையில் பஸ்ஸில் ஒருவன் ஜன்னலைத் திறக்கட்டும், மொத்த பஸ்ஸும் அவனைக் கொலைகாரனாகப் பார்க்கும். ஆக, காற்று அடிக்கும் என்று பயந்து, விழப்போகிற வீட்டில் ஜன்னலை இறுக மூடிக்கொண்டு சுகமாக இருந்தோம்.

போன வசந்தத்தில் ஒரு நாள் காலையில் இரண்டாவது மாடி பால்கனியின் ஒரு மூலை பெயர்ந்து நடைபாதையில் விழுந்தது. தினமும் காலையில் அக்லாயா நின்று சிகரெட் பிடிக்கிற அதே இடம். அன்றைக்கு அவரிடம் சிகரெட் தீர்ந்துபோயிருந்தது, கடைக்குப் போயிருந்தார். சிகரெட் தீர்ந்ததால் உயிர் பிழைத்த பெண்மணி உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். திரும்பி வந்து அந்தக் கல்லைப் பார்த்தார். அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். வீடு வீடாக ஏறி இறங்கினார், கெஞ்சினார், மிரட்டினார், பிளம் சாராயம் ஊற்றிக் கொடுத்தார். ஒவ்வொருவராக மசிந்தோம். கடைசியில் ஒரே ஒரு வீடுதான் பாக்கி. யார் வீடு என்று நான் சொல்ல வேண்டுமா?

விஷயம் இதுதான். என்ஜினியர் போட்ட திட்டப்படி அடித்தளத்திலிருந்து கூரை வரைக்கும் புதிய தூண்கள் எழும்ப வேண்டும். தூண் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்துதான் மேலே போக முடியும். ஒரு வீட்டார் கதவைத் திறக்க மாட்டேன் என்றால் அது அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது மாடியைத் தாண்டிக் குதிக்கத் தூணுக்குத் தெரியாது. அந்தத் தூண்களில் ஒன்று ஹொரியாவின் வீட்டு மூலையில் வருகிறது. அந்த மூலையில்தான் கப்பல் ஜன்னல் இருக்கிறது.

கப்பல் ஜன்னலை நானும் பார்த்திருக்கிறேன். அழகுதான், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வட்டமான ஜன்னல். வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் இழைத்த பாய்மரக் கப்பல். சாயங்கால வெயில் விழுந்தால் எதிர்ச் சுவரில் நீலமும் மஞ்சளும் அலையடிக்கும். தூண் வந்தால் ஜன்னல் மூடிப்போகும்.

கூட்டம் வழக்கம் போல மேல்மாடியில், துணி உலர்த்தும் அறையில் கூடியது. எங்கள் கட்டடத்தின் எல்லாப் பெரிய முடிவுகளும் ஈரத் துணிகளுக்கு நடுவில்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஓட்டுப்போடக் கையை உயர்த்தினால் யாருடைய உள்பாவாடையாவது கையோடு வரும். அக்லாயா நடுவில் நின்றார். "ஒரு வீட்டுக்கு ஒரு கை. சம்மதம்னா தூக்குங்க" என்றார். தூக்கினோம். ஹொரியாவின் கை பாக்கெட்டிலேயே இருந்தது. இன்னொரு கையால் ஸ்மராண்டாவின் கையைப் பிடித்திருந்தார்.

"ஏம்ப்பா, கையில சுளுக்கா?" என்றார் அக்லாயா.

"அக்லாயாம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. இந்த வீட்டை உங்க எல்லாரையும் விட நான் அதிகமா நேசிக்கிறேன்."

"நேசிக்கிறவன் எதுக்குப்பா விழ விடுற?"

"விழாது! ஒரு வீட்டுக்கு ஆத்மான்னு ஒண்ணு இருக்கு. அதோட கண்ணைக் குத்தி, நெஞ்சுல இரும்பைச் சொருகி நிக்க வெச்சா, அது நிக்கிறதா? ரெண்டு பூகம்பம் தாங்கின வீடு..."

"தம்பி, இந்தப் பாட்டைப் பாடிப் பாடித்தான் நாங்களும் இத்தனை வருஷம் ஓட்டினோம். எங்களுக்கே சலிச்சுப்போச்சு" என்றேன் நான்.

"ஹொரியா, எனக்குப் பயமா இருக்கு. எத்தனை தடவை சொல்லிட்டேன்" என்றாள் ஸ்மராண்டா, மெதுவாக. எல்லோருக்கும் கேட்டது. அவருக்கு மட்டும் கேட்கவில்லை; கலையைப் பற்றியும் காலத்தைப் பற்றியும், இந்தக் கண்ணாடியை இழைத்த கைகளைப் பற்றியும், நாளைக்கு நம் பிள்ளைகள் நம்மை என்ன கேட்பார்கள் என்பதைப் பற்றியும், காரைக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள ஆன்மிக வித்தியாசத்தைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனார்.

அப்போது பல்பு ஆடியது.

வெளியூர்க்காரர்கள் பூகம்பம் வந்தால் தரையைப் பார்ப்பார்கள். நாங்கள் பல்பைப் பார்ப்போம். கூரையிலிருந்து தொங்கிய பல்பு முதலில் லேசாக, பிறகு துணிக்கொடியோடு சேர்ந்து ஆடியது. அடியிலிருந்து ஓர் உறுமல், கீழே ரயில் ஓடுகிற மாதிரி. அவ்வளவு பேரும் கதவு நிலைக்கு அடியில் முண்டியடித்தோம். நான் யார் காலை மிதித்தேன், என் காலை யார் மிதித்தார்கள் என்று இன்றைக்கும் தெரியாது. ஹொரியா? பிடித்திருந்த மனைவியின் கையை உதறிவிட்டு, எங்களை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு, ஆடுகிற படிக்கட்டில் கீழே ஓடினார். "கப்பல்! கப்பல்!" என்று கத்தியது மட்டும் கேட்டது.

ஸ்மராண்டா அறையின் நடுவில் ஈரத் துணிகளுக்குக் கீழே அப்படியே நின்றாள். கால் நகரவில்லை. உதறப்பட்ட கை நீட்டினபடியே இருந்தது. அக்லாயாதான் பாய்ந்து போய் அவளை இழுத்துக் கொண்டுவந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஆட்டம் நின்றுவிட்டது. தெருவில் நாய்கள் குரைத்தன, கார்கள் அலறின. பெரியது இல்லை; சின்னதுதான். காரை கொஞ்சம் கொட்டியிருந்தது. படிக்கட்டில் தடதடவென்று காலடிச் சத்தம். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு, பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் முகத்தோடு ஹொரியா வந்து நின்றார்.

"பார்த்தீங்களா? தாங்கிடுச்சு! இதோட மூணு!"

உண்மையைச் சொல்கிறேன், எங்களில் இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று ஆடத் தொடங்கிவிட்டன. பழக்கதோஷம்.

ஸ்மராண்டா அக்லாயாவின் பிடியிலிருந்து விலகி நிமிர்ந்தாள். "வீடு தாங்கிடுச்சு, ஹொரியா. நான்தான் தாங்கலை" என்றாள். கையை உயர்த்தினாள். துணிக்கொடியில் தொங்கிய யாருடைய சட்டையோ அவள் விரலில் மாட்டியது. அதையும் சேர்த்தே உயர்த்தினாள்.

"ஸ்மரா, அவசரப்படாதே. ஜன்னல்..."

"பத்திரம் என் பேர்ல இருக்கு. கை என்னோடது. உனக்கு ஜன்னல்தான் வேணும்னா, கழட்டி எடுத்துட்டுப் போய் அதோட குடித்தனம் பண்ணு."

"கை வந்தாச்சு, தீர்மானம் நிறைவேறிடுச்சு" என்றார் அக்லாயா. உடனே, "யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா. குறுக்குக் காத்து அடிக்குது" என்றார்.

இனி, வாசகரே, உங்கள் பக்கம் திரும்புகிறேன். நீங்கள் இவ்வளவு நேரம் ஹொரியாவைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்குத் தெரியும். "நல்லவேளை, நான் இந்த ரகம் இல்லை, வீடு என்றால் முதலில் அஸ்திவாரத்தைப் பார்க்கிற ஆள் நான்" என்று சொல்லிக்கொண்டீர்கள். இருக்கலாம். அஸ்திவாரம் பார்க்கிறவர்தான்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் என்னை உறுத்துகிறது. ஹொரியா கீழே ஓடினார், மேலே வந்தார் என்று சொன்னேன். கண்ணாடிக் கப்பல் என்ன ஆயிற்று என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து, தீர்மானம் நிறைவேறி, கதவு சாத்தின பிறகும், உங்கள் மனசின் ஒரு மூலையில் "அது உடைந்துபோயிற்றா? அவ்வளவு அழகான வேலைப்பாடாயிற்றே! தூண் கட்டினாலும் அதைப் பத்திரமாகக் கழற்றி வேறு எங்காவது பதிக்க முடியாதா?" என்று ஓடிக்கொண்டே இருந்ததா, இல்லையா? இந்தப் பத்திக்கு வந்தவுடன் கண் வேகமாகக் கீழே இறங்கியதா, இல்லையா?

பயப்படாதீர்கள். கப்பலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டீர்கள் பாருங்கள். ஸ்மராண்டா அன்றைக்கு எங்கே போய்ப் படுத்தாள் என்று நீங்கள் கேட்கவே இல்லை.